எஃப்ரைம் ஷே: காட்டுக்குள் ரயில் விட்டவர்

மெக்கானிக்கல் மக்களே, ஒரு ரயில் எஞ்சினில் பாய்லர் நடுவில் இல்லாம இடது பக்கமா தள்ளி இருந்தா, டிசைன்லயே கோளாறுன்னுதானே சொல்வோம்? ஷே எஞ்சின் அப்படித்தான் இருக்கும். அதை உருவாக்கியவர் ஒரு மர அறுவை மில்காரர்.

எஃப்ரைம் ஷே 1839-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்துவிட்டு, பிறகு மிச்சிகனில் மில் போட்டார். அங்கே வெட்டிய மரத்தைப் பனிக்காலத்தில்தான் வெளியே கொண்டுவர முடியும். தரை உறைந்தால்தான் சறுக்குவண்டி ஓடும். பனி ஏமாத்தினா வியாபாரம் படுத்துடும்.

ஷே மரத்தாலேயே தண்டவாளம் போட்டு, குதிரையால் வண்டியை இழுத்தார். இறக்கத்தில் பார வண்டி குதிரை மேலேயே ஏறியது. சரி, நீராவி எஞ்சின் விடலாம்னா, அதன் எடை மரத் தண்டவாளத்தை நாசம் பண்ணியது. தண்டவாளத்தை மாத்தாம எஞ்சினை மாத்தினா என்ன? இதுதான் ஷே பிடித்த நூல்.

எடையைப் பல சிறிய சக்கரங்களுக்குப் பிரித்தார். சிலிண்டர்களைச் செங்குத்தாக வலது பக்கம் வைத்தார். அங்கிருந்து நீளவாக்கில் ஒரு ஷாஃப்ட், நடுநடுவே யுனிவர்சல் ஜாயிண்ட், சக்கரத்துக்குச் சக்கரம் பெவல் கியர். வளைவில் சக்கரத் தொகுதி திரும்பினாலும் சக்தி அறுந்துபோகாது. வலது பக்கச் சுமையைச் சமன் செய்யத்தான் பாய்லர் இடது பக்கம் போனது. வேகம் கம்மி, ஆனா கிடுகிடு ஏற்றத்திலும் இழுத்துடும்.

1880-ல் ஒஹையோவின் லைமா நகர ஆலை இந்த எஞ்சினைக் கட்டித் தந்தது. 1881-ல் காப்புரிமை கிடைத்தது. 1945 வரை 2,700-க்கும் மேற்பட்ட ஷே எஞ்சின்கள் வந்தன.

பிறகு ஹார்பர் ஸ்பிரிங்ஸ் ஊரில் குடியேறி, இரும்புத் தகடு போர்த்திய அறுகோண வீடு கட்டினார். ஊருக்குக் குடிநீர் வசதி செய்தார். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு வண்டி செய்து கொடுத்தார். மரம் ஏற்றச் சொந்தமாக ஒரு குட்டி ரயில் பாதையும் போட்டார். கோடையில் சுற்றுலாப் பயணிகளும் ஏறினார்கள். சுமார் பத்து வருஷத்தில் அந்தப் பாதை மூடப்பட்டது. 1916-ல் ஷே காலமானார்.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கு. ஆற்றங்கரைக்கு எட்டாத காடுகள் அதுவரை தப்பித்து நின்றன. ஷே எஞ்சின் போன பிறகு எட்டாத மலை என்று எதுவும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ஊரில் இன்றும் ஷே எஞ்சின்கள் ஓடுகின்றன. மரம் ஏற்றிய வண்டிகளில் இப்போ ஜனங்க உட்கார்ந்து, மறுபடி வளர்ந்த காட்டைப் பார்த்துட்டு வர்றாங்க.