காற்றைப் பாடமாக்கிய ஆசான்: பௌல் லா கூர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பேருந்தில் ஏறி மேடவாக்கத்தைக் கடந்தால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கண்ணில் படும். கொக்கும் நாரையும் கூடும் அந்த நீர்ப்பரப்பை நம்மில் பலர் நாள்தோறும் பார்க்கிறோம். அதே சாலையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருப்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்? 1998-இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், காற்றாலைகளைச் சோதிப்பதோடு அவற்றைப் பற்றிய பயிற்சியும் அளித்து வருகிறது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இதன் சோதனை நிலையம் உள்ளது. அந்நிலையம் டென்மார்க்கு நாட்டின் உதவியுடன் அமைந்தது.

காற்றாலை என்றதும் டென்மார்க்கின் பெயர் ஏன் வருகிறது? அதற்கு விடை தேடிப் புறப்பட்டால், நாம் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சேருகிறோம்.

தரங்கம்பாடியில் 1620 முதல் வாணிகம் செய்துவந்த டேனியர், அவ்வூரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். அதற்கடுத்த ஆண்டு, 1846 ஏப்ரல் 13-ஆம் நாள், டென்மார்க்கில் எபெல்டாஃப்ட் என்னும் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பௌல் லா கூர் பிறந்தார். தலைநகரான கோபன்ஹேகனில் கல்வி கற்று, வானிலை இயலில் தேர்ந்தார். 1872-இல் புதிதாக நிறுவப்பட்ட வானிலைக் கழகத்தில் துணைத்தலைவர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26. ஓய்வு நேரத்திலோ தந்தியை ஆராய்ந்தார். ஒரே கம்பியில் பல செய்திகளை ஒருங்கே அனுப்ப, வெவ்வேறு சுருதியுடைய இசைக்கவைகளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் எலிஷா கிரே என்பவரும் அத்தகைய முறையில் முனைந்திருந்ததால், யார் முந்தியவர் என்ற சச்சரவு எழுந்தது. புகழும் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவின என்றே கூறலாம்.

1878-இல் அவர் தலைநகரை விட்டு ஆஸ்கோவ் என்னும் சிற்றூருக்குச் சென்று, அங்கிருந்த மக்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். க்ருண்ட்விக் என்னும் குருவானவரின் எண்ணத்தில் பிறந்தவை இத்தகைய பள்ளிகள். உழவர் வீட்டு இளைஞர்கள் அங்கே தங்கிப் படித்தனர். தேர்வு கிடையாது! (இதைப் படிக்கும் மாணவியர் பெருமூச்சு விடுவது நமக்குக் கேட்கிறது.) பெரிய பதவியில் இருந்தவர் உழவர் பிள்ளைகளுக்குக் கணக்கும் பௌதிகமும் கற்பிக்கப் போனது பலருக்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

அவர் மனத்தை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் என்னும் புதுமை நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தது. கிராமங்களை எட்டிப் பார்க்கவில்லை. டென்மார்க்கில் நிலக்கரியும் இல்லை, பேரருவிகளும் இல்லை. ஓயாமல் வீசும் கடற்காற்று மட்டும் தாராளமாக இருந்தது. 1891-இல் அரசின் பண உதவி பெற்று, பள்ளியின் அருகிலேயே ஒரு சோதனைக் காற்றாலையை எழுப்பினார். அது டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது.

ஆனால் காற்று நம் விருப்பப்படியா வீசும்? விளக்கு வேண்டிய இரவில் அடங்கிக் கிடக்கும். யாரும் கேளாத நேரத்தில் சீறும். அதைச் சேமித்து வைப்பதற்கு லா கூர் கண்ட வழி துணிச்சலானது. மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்து, வாயுவைத் தொட்டியில் நிரப்பி வைத்தார். 1895 முதல் 1902 வரை ஆஸ்கோவ் பள்ளி அந்த வாயு விளக்குகளின் ஒளியில்தான் இயங்கியது. ஹைட்ரஜனோடு சிறிது பிராணவாயு கலந்துவிட்டாலோ ஆபத்து. அப்படிக் கலந்து வெடித்ததில் பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிதறின. ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி பொருத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகள் தங்கிய இடத்தில் இப்படிச் சோதனை செய்தது சரியா என்று இன்றைய பெற்றோர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

காற்றாலையின் இறக்கைகளையும் அவர் விடவில்லை. விசிறியால் குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, சிறு மாதிரி இறக்கைகளை அதில் நிறுத்தி, விசையை அளந்தார். இறக்கைகள் நிறைய இருந்தால்தான் மிகுதியாக ஆற்றல் கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பு. சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றது என்று அவருடைய அளவைகள் காட்டின. இன்று பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் சிறு காற்றாலையை வைத்து, எதிரே விசிறியை ஓடவிட்டு, இறக்கையின் கோணத்தை மாற்றி மாற்றி மின்சாரத்தை அளக்கும் நம் அக்காமார், ஆஸ்கோவில் நடந்த அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடி உடையும் அச்சம் இல்லை, அவ்வளவே.

கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் ஊர்தோறும் ஆலை நின்றிருக்காது. பழுது பார்க்க ஆள் வேண்டுமே! 1903-இல் காற்று மின்சாரத்தைப் பரப்ப ஒரு சங்கம் நிறுவினார். 1904-இல் கிராமத்து இளைஞர்களை மின்வினைஞர்களாக்கும் பயிற்சியைத் தொடங்கினார். 1908 ஏப்ரல் 24-ஆம் நாள், 62-ஆம் வயதில் அவர் இறந்தார். 1918-இல் டென்மார்க்கில் ஏறத்தாழ 120 உள்ளூர் மின்நிலையங்கள் காற்றாலை வைத்திருந்தன. பின்னர் மலிவான எண்ணெயும் பெரிய மின்நிலையங்களும் வந்து அவற்றுள் பெரும்பாலானவற்றை ஓய்த்துவிட்டன. அவருடைய உழைப்பு வீணாயிற்றோ என்று எண்ணத் தோன்றும் காலம் அது.

1904-ஆம் ஆண்டு வகுப்பில் ஜொஹான்னஸ் யூல் என்ற பதினேழு வயது மாணவர் இருந்தார். பாடம் கற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, முதுமையில், கெட்ஸர் என்னும் கடலோர ஊரில் மூன்று இறக்கைக் காற்றாலை ஒன்றை அமைத்தார். 200 கிலோவாட் ஆற்றலுடைய அது 1957 முதல் 1967 வரை ஓடியது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி உலகமே திகைத்தபோது, ஓய்ந்து நின்ற அந்த ஆலையை அறிஞர்கள் மீண்டும் ஓட்டி அளந்து பார்த்தனர். டென்மார்க்கின் புதிய காற்றாலைகள் அந்த வழியில் எழுந்தன.

நம் மாநிலத்தில் 1986-இல் தூத்துக்குடியில் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் அவை காடுபோல் பெருகின. விடுமுறையில் நாகர்கோவிலுக்கு ரயிலில் செல்லும் மாணவியர் சன்னல் வழியே இறக்கைகளை எண்ணிப் பார்க்கட்டும். மூன்றுதான் இருக்கும்.