அடிக்காம நாயைப் பழக்கலாம்... 'டிக்' சத்தத்துல வழிகாட்டிய ஸ்கின்னர்!

பொங்கலுக்குப் பெருமுக்கல் போயிருந்தேன். திண்டிவனத்துலேருந்து மரக்காணம் போற வழியில, மலையடிவாரத்துல பெரியப்பா வீடு. அங்கே மணின்னு ஒரு நாட்டு நாய். வீட்டுக்கு வர்றவங்க செருப்பைக் கவ்விட்டு ஓடிடும். பெரியப்பா குச்சியை எடுத்தா கட்டிலுக்கு அடியில பதுங்கிக்கும். குச்சியைக் கீழே வெச்சதும் மறுபடியும் செருப்பு!

அடியாத மாடு படியாதுன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. ஆனா, மணி கத்துக்கிட்டது குச்சியைப் பார்த்தா ஓடணும்ங்கறதை மட்டும்தான். இதைப் பல வருஷங்களுக்கு முன்னாடியே ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர், அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர்.

தோற்றுப்போன எழுத்தாளர்

1904-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹானா என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஸ்கின்னர். அப்பா வக்கீல். தப்பு செய்தால் என்ன ஆகும் என்று காட்ட, மகனைச் சிறைக்கே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். அந்தப் பயம் ஸ்கின்னரை ரொம்ப நாள் விடவில்லை.

அவர் ஆசைப்பட்டது எழுத்தாளராக. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு உளவியல் பக்கம் திரும்பி, 1931-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார்.

எலி ஒரு கம்பியை அழுத்தினால் தீனி விழும்படி பெட்டி ஒன்றைச் செய்தார். தீனியை நிறுத்திவிட்டு, எலி கம்பியைத் தொடும்போது பாதத்தில் அடி விழவைத்தும் பார்த்தார். கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்த எலி, அடி நின்றதும் மறுபடியும் அழுத்த ஆரம்பித்தது. நம்ம மணி கதையேதான்! 1938-ல் வெளிவந்த அவரது முதல் புத்தகத்திலேயே இது இருக்கிறது.

மாவு மில்லில் கிடைத்த பாடம்

இரண்டாம் உலகப்போர் சமயம். குண்டுக்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கும் திட்டத்தில், 1943-ல் மினியாபொலிஸ் நகரின் மாவு மில் மாடியில் வேலை பார்த்தார். ஒருநாள், அலகால் மரப்பந்தைத் தட்டிவிட ஒரு புறாவுக்குச் சொல்லித்தர முயன்றார்கள். அது முழுசாகத் தட்டும்வரை காத்திருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, பந்தைப் பார்த்தாலே தீனி கொடுப்போம் என்று ஆரம்பித்தார்கள். அடுத்து, அலகு பந்துக்குப் பக்கத்தில் போனால் தீனி. சில நிமிடங்களில் புறா பந்தைச் சுவரில் மோதும்படி அடித்து விளையாடியது!

ராணுவம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால், சின்னச் சின்னப் படியாகச் சொல்லித்தரும் வித்தை அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

1951-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் நாயைப் பழக்கும் முறையை எழுதினார். நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பரிசு கிடைக்க வேண்டும். தீனியை எடுத்து நீட்டுவதற்குள் நாய் வேறு எதையோ செய்துகொண்டிருக்கும். அதனால் குழந்தைகள் விளையாடும் 'டிக்டிக்' பொம்மை போதும் என்றார். முதலில் 'டிக்' கேட்டால் தீனி வரும் என்று பழக்க வேண்டும். அப்புறம் அந்தச் சத்தமே சரியான நொடியைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த வருடம் 'லுக்' பத்திரிகைக்காக ஆக்னஸ் என்ற டால்மேஷியன் நாயைச் சுமார் 20 நிமிடத்தில் சுவரில் தாவப் பழக்கினார். அங்கே 'டிக்'குக்குப் பதில் கேமரா ஃபிளாஷ்!

1990-ல் ஸ்கின்னர் மறைந்தார். நாய் வளர்ப்பவர்களிடம் கிளிக்கர் பெரிய அளவில் பரவியது அதன் பிறகுதான். டால்பின்களை விசிலால் பழக்கிய கேரன் பிரையர்தான் அதற்கு முக்கியக் காரணம்.

பெருமுக்கல்ல கிளிக்கருக்கு எங்கே போறது? பால் பாயின்ட் பேனாதான். 'டிக்', உடனே ஒரு துண்டு கருவாடு. மணிக்கு அது பழகினதும், செருப்பை விட்டுத் திரும்பற ஒவ்வொரு தடவையும் 'டிக்'. மூணாவது நாள் சாயங்காலம், செருப்புப் பக்கம் போன மணி நின்னு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

கிளம்பும்போது பேனாவைப் பெரியப்பாகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்.