பைத்துல்மாலின் விளக்கு

பனூ உமையா அரச குடும்பத்தில் பிறந்து, இரண்டரை ஆண்டுகூட நிறையாத ஆட்சியால் அழியாப் பெயர் பெற்றவர்கள் ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள். அன்னாரின் தந்தை மிஸ்ரின் கவர்னராக இருந்த அப்துல் அஜீஸ் பின் மர்வான். தாயார் உம்மு ஆஸிம் அவர்களோ, ஹஜ்ரத் உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களின் மகனார் ஆஸிமுடைய புதல்வி.

மதீனா முனவ்வராவில் உலமாக்களிடம் கல்வி பயின்ற அன்னார், ஹிஜ்ரி 87-ல் (கி.பி. 706) அந்நகருக்கே கவர்னரானார்கள். உயர்ந்த ஆடையும் நறுமணமும் அன்னாரின் இளமைப் பழக்கங்கள். ஹிஜ்ரி 99 ஸபர் மாதம் (கி.பி. 717) கலீபா சுலைமான் தாபிக்கில் வபாத்தானபோது, அவர் எழுதி வைத்திருந்த மரண சாசனத்தின்படி கிலாபத் பொறுப்பு அன்னாரின் தோளில் ஏறியது. அன்றே வாழ்க்கை மாறிற்று. அரச ஊர்வலக் குதிரைகளை ஒதுக்கிவிட்டுத் தம் சொந்த வாகனத்தில் ஏறினார்கள். துணைவியார் பாத்திமா அம்மையார், தம் தந்தை கலீபா அப்துல் மலிக் வழங்கிய நகையை பைத்துல்மாலில் ஒப்படைத்தார்கள்.

பொதுச் சொத்து விஷயத்தில் அன்னார் காட்டிய பேணுதலை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கின்றனர். ஓரிரவு ஒரு கவர்னரின் தூதர் வந்தார். மக்களின் நிலை, விலைவாசி ஆகியவற்றை விசாரிக்கும்வரை பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. பிறகு தூதர் கலீபாவின் உடல் நலத்தையும் குடும்பத்தையும் விசாரித்தார். உடனே அன்னார் அதை ஊதி அணைத்துவிட்டு, தம் சொந்த எண்ணெயில் எரியும் சிறு விளக்கைக் கொண்டுவரச் செய்தார்கள். முஸ்லிம்களின் பணத்தில் எரியும் ஒளியில் சொந்தப் பேச்சு கூடாது என்பதே காரணம்.

ஒருமுறை தபால் குதிரையில் அன்னாருக்காகத் தேன் வந்தது. அந்தத் தேனை விற்று, கிடைத்த பணத்தை பைத்துல்மாலில் சேர்க்கச் செய்தார்கள். பொதுச் சமையற்கூடத்து நெருப்பில் தமக்கு வெந்நீர் காய்ச்சப்பட்டதை அறிந்ததும் அதற்கான விறகின் விலையைக் கொடுத்தார்கள். மதீனாவின் அதிகாரி அபூபக்ர் பின் ஹஸ்ம் எழுதுதாள் அதிகம் கேட்டபோது, பேனா முனையை மெல்லியதாகச் சீவி நெருக்கி எழுதுமாறும், பல விஷயங்களை ஒரே தாளில் அடக்குமாறும் பதில் அனுப்பினார்கள். இது கருமித்தனமல்ல. ஹதீஸ்களைத் திரட்டி எழுதும்படி அதே அபூபக்ருக்குப் பணித்தவர்களும் அன்னாரே. தீனுக்கும் மக்களுக்கும் தேவையானதில் தாராளம், சொந்த வசதியில் சிக்கனம். இதுவே அன்னாரின் வழி.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். நம் பிள்ளைகளில் பலர் அரசாங்க ஆபீஸ்களில் வேலை பார்க்கின்றனர். அன்றைய விளக்கின் இடத்தில் இன்று கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஜீப்பும் இருக்கின்றன. மகனின் பள்ளிப் பாடத்தை ஆபீஸ் தாளில் அச்சிட்டுக் கொண்டுவருவதும், ஆபீஸ் ஜீப்பில் கல்யாணத்துக்குப் போவதும், வேலை நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வியாபாரம் பார்ப்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றுகின்றன. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் வரி கட்டும் கோடிக்கணக்கான மக்கள். அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க யாரால் முடியும்?

எல்லாரும்தானே செய்கிறார்கள் என்பது ஷரீஅத்தில் அனுமதியாகாது. அரசாங்க விதி அனுமதித்த அளவு ஆகும். அதற்கு மேல் ஆகாது. மேலதிகாரி தலையாட்டினாலும், அவருக்கே உரிமையில்லாத ஒன்றை அவர் நமக்குத் தர முடியாது. கம்ப்யூட்டரிலுள்ள மக்களின் விவரங்களும் அமானத்தே. பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தைத் தேடிப் பார்த்து வீட்டில் வந்து சொல்வதும், நம் பாஸ்வேர்டைப் பிறரிடம் கொடுப்பதும் அந்த அமானத்தை முறிப்பதாகும்.

முன்பு தவறு நடந்திருந்தால் இஸ்திஃபார் மட்டும் போதாது. எடுத்த பொருளையோ அதன் மதிப்பையோ அரசாங்கக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் இதில் பங்குண்டு. கணவர் கொண்டுவரும் தாளும் பேனாவும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும் மனைவி, அவரை மறுமையின் கேள்வியிலிருந்து காக்கிறாள்.

ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720) அன்னார் ஷாம் நாட்டின் தைர் ஸம்ஆனில் வபாத்தானார்கள். அடுத்து கலீபாவான யஸீத், தம் சகோதரி பாத்திமா அம்மையாரின் நகையைத் திருப்பித் தர முன்வந்தார். கணவரின் வாழ்நாளில் விட்டுக்கொடுத்ததை அவர் மறைந்தபின் எடுக்க அம்மையாரின் மனம் இசையவில்லை, மறுத்துவிட்டார்கள். அத்தகைய பேணுதலை அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.