ப. சிங்காரம்

ப. சிங்காரம் (ஆகஸ்ட் 12, 1920 - டிசம்பர் 30, 1997) தமிழ்ப் புதின எழுத்தாளரும் இதழியலாளரும் ஆவார். கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி ஆகிய இரண்டு புதினங்களை மட்டுமே எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் சிக்கிக்கொண்ட தமிழர்களின் வாழ்க்கை இவ்விரண்டு நூல்களின் களம் ஆகும். படைத்தலைவர்களோ அரசியல் தலைவர்களோ அல்லாத கடைச் சிப்பந்திகள், சிறு வணிகர்கள், கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் அப்போரை எவ்வாறு கண்டனர் என்பதைத் தமிழில் விரிவாகப் பதிவு செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக்காலம்

சிங்காரம் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள சிங்கம்புணரியில் பிறந்தார். பெற்றோருக்கு மூன்றாவது மகன் ஆவார். சிங்கம்புணரியில் தொடக்கக் கல்வியையும், மதுரை புனித மரியன்னை உயர்நிலைப் பள்ளியில் அடுத்த நிலைக் கல்வியையும் பெற்றார்.

அக்காலத்தில் செட்டிநாட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த இளைஞர்கள் பர்மா, மலாயா, சுமத்ரா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் இயங்கிய வட்டிக்கடைகளுக்கு வேலைக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. நகரத்தார் தொடங்கிய இத்தொழிலில் பிற சாதியினரும் முதலாளிகளாகவும் பணியாளர்களாகவும் ஈடுபட்டனர். சிங்காரமும் அவ்வழியே 1938 ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், தம் ஊரைச் சேர்ந்த ஒருவர் நடத்திய வட்டிக்கடையில் பணியாற்ற சுமத்ரா தீவின் மெடான் நகருக்குக் கப்பலேறினார்.

மெடான் வாழ்க்கை

மெடான் அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. நகரைச் சுற்றியிருந்த டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்காக 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். 1884 இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் உள்ளது. தொழிலாளர்களுக்குப் பின் வணிகர்களும் வட்டிக்கடைக்காரர்களும் வந்து சேர்ந்தனர்.

வட்டிக்கடைகள் கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடங்களில் இயங்கின. ஒரே கூடத்தில் பல கடைகள் அடுத்தடுத்து அமைந்திருந்தன. கடைப் பையன் பெட்டியடியில் தொடங்கி, அடுத்தாள் ஆகி, பின்னர் மேலாள் ஆவது முன்னேற்றத்தின் படிகளாகும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பேசிய தவணை முடியும்வரை கடையிலேயே உண்டு உறங்கி வேலை செய்தனர். சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்கு அனுப்பப்பட்டது. ஆகவே கடிதமும் பணமும் செல்லும் கப்பல் வழி இவர்களின் உயிர்நாடியாக இருந்தது.

சிங்காரம் 1940 இல் ஊருக்கு வந்து மீண்டும் இந்தோனேசியா சென்றார். அங்கு மராமத்துத் துறையில் பணியாற்றினார். அங்கேயே திருமணமும் செய்துகொண்டார். ஆனால் பிரசவத்தின்போது மனைவியும் குழந்தையும் இறந்துவிட்டனர். அதன் பின்னர் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

போரின் வருகை

1941 டிசம்பர் 8 அன்று சப்பானியப் படைகள் மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கின. டிசம்பர் 11 அன்று பினாங்கு நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. சில நாட்களில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். நகரின் பொறுப்பை உள்ளூர் மக்கள் குழு ஒன்று ஏற்றுக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கிய இதழாசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து ஓர் இலங்கைத் தமிழர் ஆவார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 12 அன்று சப்பானியர் வடக்கு சுமத்ராவில் இறங்கி, மறுநாள் மெடானைக் கைப்பற்றினர். சிங்காரத்துக்கு அப்போது வயது 21.

பழைய ஆட்சி நீங்கிப் புதிய ஆட்சி நிலைபெறும் முன் ஏற்பட்ட இடைவெளியில் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. சப்பானியர் கொள்ளையரைக் கடுமையாகத் தண்டித்து அச்சத்தின் மூலம் ஒழுங்கை ஏற்படுத்தினர். புயலிலே ஒரு தோணி புதினத்தின் தொடக்கப் பகுதிகள் மெடானின் இந்நாட்களையே விவரிக்கின்றன.

வட்டிக்கடைகளைப் பொறுத்தவரை, கொடுத்த கடன்கள் வசூலாகாமல் நின்றன. ஊருடன் கடிதத் தொடர்பும் பணப் போக்குவரத்தும் அறுந்தன. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், கடலுக்கு அப்பால் இருந்த கணவன் அல்லது மகன் உயிரோடிருக்கிறானா என்பதை அறியாமலே பல தமிழ்க் குடும்பங்கள் காத்திருந்தன.

தமிழகத்தில் போர்க்காலம்

தமிழகத்து மக்களும் போரின் தாக்கத்தை உணர்ந்தனர். 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்கள் சப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அதே மாதத்தில் சென்னையை விட்டு வெளியேறுமாறு மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு நகரங்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் தொடருந்துகளில் சொந்த ஊர்களை நோக்கிச் சென்றனர்.

பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. விலைவாசி உயர்ந்து, உணவுப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. பர்மாவிலிருந்து பல இலட்சம் இந்தியர்கள் வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் காடு மலைகளைக் கடந்து நடந்தே வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தோர் பலர். தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். மலாயா, சுமத்ராவில் இருந்தவர்களுக்கு நடந்து வரும் வழியும் இல்லை. இடையில் கடல் இருந்தது.

இந்திய தேசிய இராணுவமும் தொழிலாளர்களும்

1943 சூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அதன் பிறகு தோட்டத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள் எனப் பெருந்தொகையான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சிராணி படைப்பிரிவில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலர் இடம்பெற்றனர். அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாத வட்டிக்கடைப் பையன்களும் இராணுவ அதிகாரிகள் ஆயினர். சிங்காரத்தின் கதைத் தலைவர்கள் இருவரும் இவ்வாறு படையில் சேர்ந்தவர்களே ஆவர்.

இதே காலத்தில் சயாம்-பர்மா தொடருந்துப் பாதை அமைப்பதற்காகப் பல பத்தாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைச் சப்பானியர் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான இப்பாதை 1943 அக்டோபரில் முடிவடைந்தது. காலரா, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் அவர்களுள் மிகப் பலர் மாண்டனர். இறந்த போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர்களுடன் பேணப்படுகின்றன. ஆனால் இறந்த தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

போர் முடிந்த பின்

1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைந்தது. மலாயாவில் சப்பானியர் அச்சிட்ட பணத்தாள்கள் மதிப்பற்றவை என அறிவிக்கப்பட்டன. அப்பணத்தைச் சேர்த்து வைத்திருந்தோர் ஒரே நாளில் அனைத்தையும் இழந்தனர். இந்தோனேசியாவில் போர் வேறு வடிவில் தொடர்ந்தது. ஆகஸ்ட் 17 அன்று அந்நாடு விடுதலையை அறிவித்தது. டச்சு ஆட்சி மீண்டும் திரும்புவதை எதிர்த்து மக்கள் போராடினர். 1945 அக்டோபரில் மெடானில் வந்திறங்கிய பிரித்தானியப் படையில் இந்தியச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தனர். தம் நாட்டு விடுதலைக்காகக் காத்திருந்தவர்களே மற்றொரு நாட்டின் விடுதலைப் போருக்கு எதிராக நிறுத்தப்பட்டனர்.

இக்காலத்தில் சிங்காரம் தமிழ் நண்பர்களுடன் சேர்ந்து, இந்தோனேசிய இராணுவ அரசின் அனுமதியுடன், பினாங்குக்குச் சரக்கு அனுப்பும் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 இல் தாயகம் திரும்பினார். அதன் பின்னர் மதுரையே அவரது இருப்பிடம் ஆயிற்று.

மதுரை வாழ்க்கை

1947 இல் மதுரை தினத்தந்தி நாளிதழில் பணியில் சேர்ந்தார். 1987 வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அங்கேயே பணியாற்றினார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியே வாழ்ந்தார். இலக்கியக் கூட்டங்களிலும் எழுத்தாளர் குழுக்களிலும் அவர் கலந்து கொண்டதில்லை எனலாம். எர்னெஸ்ட் எமிங்வே முதலிய மேலைநாட்டு எழுத்தாளர்களை இந்தோனேசியாவில் இருந்தபோதே படிக்கத் தொடங்கினார். முதல் உலகப் போரின் இத்தாலியப் போர்முனையைக் களமாகக் கொண்ட எமிங்வேயின் புதினம் அவரைக் கவர்ந்த நூல்களுள் ஒன்றாகும்.

கடலுக்கு அப்பால்

சிங்காரம் தம் முதல் புதினத்தை 1950 இல் எழுதினார். அதை வெளியிடப் பதிப்பகங்கள் முன்வரவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கலைமகள் நாராயணசாமி ஐயர் புதினப் போட்டியில் பரிசு பெற்று, 1959 இல் வெளிவந்தது.

கதைத் தலைவன் செல்லையா பினாங்கில் வட்டிக்கடையில் பணிபுரிபவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் கடைக்குத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். ஆனால் துப்பாக்கி ஏந்திய கை வட்டித் தொழிலுக்கு ஏற்றதன்று எனக் கருதும் முதலாளி அவனை மருமகனாக ஏற்க மறுக்கிறார். முதலாளியைக் கொடியவராகக் காட்டாமல், போர் மாற்றிவிட்ட ஓர் இளைஞனைப் போருக்கு முந்தைய வாழ்க்கை ஏற்க முடியாமல் போவதையே இப்புதினம் காட்டுகிறது.

புயலிலே ஒரு தோணி

1962 அளவில் எழுதப்பட்ட இப்புதினம் பத்தாண்டுகள் கழித்து, 1972 இல் கலைஞன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. மெடானில் வசிக்கும் பாண்டியன் என்னும் இளைஞன் கடற்புயலைத் தாண்டிப் பினாங்கை அடைகிறான். அங்கு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்த பின் சுமத்ராவில் டச்சுக்காரர்களுக்கு எதிரான கொரில்லாப் போரில் ஈடுபடுகிறான். ஊர் திரும்பும் ஏக்கம் இருந்தும் திரும்பாமலே கொல்லப்படுகிறான்.

மெடான், பினாங்கு வீதிகளுக்கிடையே பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்களும் சிற்றூர்ச் சந்தைகளும் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. வட்டிக்கடைக் குழூஉச் சொற்கள், மலாய்ச் சொற்கள், சங்கத்தமிழ்த் தொடர்கள் ஆகியவை கலந்த நடை இதன் தனித்தன்மையாகும். தமிழர்களின் பழம்பெருமைப் பேச்சை எள்ளி நகையாடும் பகுதிகளும் இதில் உள்ளன.

போர் பற்றிய பார்வை

சிங்காரத்தின் புதினங்களில் போர் எந்தத் தரப்பின் வெற்றிக் கதையாகவும் அமையவில்லை. டச்சு, பிரித்தானிய, சப்பானிய ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. சாதாரண மனிதர்களோ ஒவ்வொரு முறையும் புதிய பணம், புதிய வணக்கம், புதிய அச்சம் ஆகியவற்றுக்குப் பழகிக்கொள்ள வேண்டியவர்களாகின்றனர். இந்திய தேசிய இராணுவத்தை மதிப்புடன் காட்டும் அதே வேளையில், அதிலிருந்த பூசல்களையும் அவர் மறைக்கவில்லை. போர் ஓர் எளிய இளைஞனுக்கு வீரனாகும் வாய்ப்பைத் தருகிறது. பின்னர் அவன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. செல்லையா, பாண்டியன் இருவரின் கதைகளும் இவ்வொரு கருத்தையே இரு வேறு முடிவுகளால் உணர்த்துகின்றன.

இறுதிக்காலம்

முதல் நூலுக்கு ஒன்பது ஆண்டுகளும் இரண்டாம் நூலுக்குப் பத்து ஆண்டுகளும் காத்திருக்க நேர்ந்தது. வெளிவந்த பின்னரும் போதிய கவனம் கிட்டவில்லை. இதனால் மனம் தளர்ந்த சிங்காரம் மேலும் புதினங்கள் எழுதவில்லை. தம் வாழ்நாள் சேமிப்பான ஏறத்தாழ ஏழு இலட்சம் ரூபாயை, ஏழை மாணவர்களின் கல்விக்காக மதுரை நாடார் மகாஜன சங்கத்திற்கு வழங்கினார். 1997 டிசம்பர் 30 அன்று காலமானார்.

மதிப்பீடு

சி. மோகன் முதலிய விமர்சகர்களின் முயற்சியால் புயலிலே ஒரு தோணி காலம் தாழ்ந்தே பரவலான கவனம் பெற்றது. பின்னர் தமிழினி பதிப்பகம் இரண்டு புதினங்களையும் மறுபதிப்பாக வெளியிட்டது. தமிழின் சிறந்த புதினங்களுள் ஒன்றாகப் புயலிலே ஒரு தோணி இன்று பலராலும் மதிப்பிடப்படுகிறது.

தென்கிழக்காசியத் தமிழரின் போர்க்கால வாழ்க்கையை ஆராய்வோருக்கு அரசு ஆவணங்களும் படைத்துறைக் குறிப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் கிட்டங்கியில் அமர்ந்து கணக்கு எழுதிய சிப்பந்தியின் குரல் அரிதாகவே இடம்பெறுகிறது. அவர்களுள் ஒருவராக இருந்து, அதே மக்களின் பேச்சில் அக்காலத்தை எழுதிவைத்தார் என்பதால் சிங்காரத்தின் இரண்டு நூல்களும் இலக்கியமாக மட்டுமன்றி வரலாற்றுச் சான்றாகவும் பயன்படுகின்றன.