பாச்சரின் திராட்சைத் தோட்டம்

லூயி பாச்சர் என்றதும் பால் பைக்கற்றும் விசர்நாய்க்கடி ஊசியும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். அவருக்குச் சொந்தமாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்ததைப் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் சொல்லித் தரவில்லை. ஊடகக் கற்கை படித்த எனக்கு விளம்பரங்களில் வரும் இயற்கை என்ற சொல்லில் எப்போதும் சந்தேகம். இயற்கை வைன் என்று விற்கிறார்களே, அது உண்மையில் என்ன என்று தேடிப் போனபோதுதான் அந்தத் தோட்டம் எனக்குத் தெரியவந்தது.

பாச்சர் 1822இல் கிழக்குப் பிரான்சின் டோல் நகரில், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வளர்ந்தது ஆர்புவா என்ற வைன் ஊரில். பூல்சார், துருசோ, பினோ நுவார் என்ற மூன்று கருந்திராட்சைகள் அங்கே விளைகின்றன. அவற்றைக் கலந்தும் சிவப்பு வைன் செய்வார்கள். 1848இல், 25 வயதில், அவர் செய்த முதல் பெரிய கண்டுபிடிப்பும் வைன் பீப்பாய்களில் படிகிற தார்த்தாரிக்கமிலத்தின் உப்புகளைப் பற்றியதே.

அந்நாட்களில் பிரெஞ்சு வைன் பீப்பாயிலும் போத்தலிலும் பழுதாகி வியாபாரிகளுக்குப் பெரும் நட்டத்தைக் கொடுத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி 1863இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் பாச்சரைக் கேட்டார். நுணுக்குக்காட்டியோடு ஆர்புவாவுக்குத் திரும்பியவர், கெட்ட வைனில் எல்லாம் வேண்டாத நுண்ணங்கிகளைக் கண்டார். 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அவை அழியும் என்றும் காட்டினார். பாலுக்கு வந்த பாச்சர் முறை முதலில் வைனுக்காகப் பிறந்தது.

அந்த வருடங்கள் அவருக்குக் கொடியவை. 1859க்கும் 1866க்கும் இடையில் மூன்று பெண் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். இருவரைக் கொண்டுபோனது தைபோயிட்டு. 1868இல் பாரிசவாதம் அவருடைய இடப்பக்கத்தை முடக்கியது. ஆனாலும் ஆய்வுகூடத்தை அவர் விடவில்லை.

1878இல் அவருடைய நண்பர் குளோட் பேர்னாட் இறந்தபின், அவர் எழுதிவைத்த குறிப்புகள் அச்சேறின. வைன் உண்டாக உயிருள்ள மதுவம், அதாவது ஈஸ்ட், தேவையில்லை என்றன அவை. பாச்சரின் இருபது வருட உழைப்பையே மறுக்கும் வாதம். செத்தவரோடு எப்படி வாதாடுவது? பாச்சர் ஆர்புவாவுக்கு அருகிலிருந்த தன் தோட்டத்துக்குப் போனார். காய்கள் பழுக்குமுன்னரே சில கொடிகளைச் சுற்றிக் கண்ணாடிக் கூடாரம் அமைத்தார். சில குலைகளைக் கிருமிநீக்கிய பஞ்சால் சுற்றினார். பழுத்தபின் நசித்துப் பார்த்தபோது வெளியே வளர்ந்த பழங்களின் சாறு நொதித்தது; மூடி வளர்த்தவற்றின் சாறு நொதிக்கவில்லை. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு என்று தெரிந்த எங்களுக்கு இந்தப் பரிசோதனை விளங்கக் கடினமில்லை.

இயற்கை வைன் பிரியர்கள் பலருக்குப் பாச்சர் வில்லன். வைனின் உயிரைச் சூட்டால் கொன்றவர் என்பார்கள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி அந்தக் கண்ணாடிக் கூடாரத்தில் இருக்கிறது. நொதிக்கவைக்கும் உயிர் தோட்டத்திலிருந்து பழத்தோடு கூடவே வருகிறது என்று நிறுவியவரும் அவர்தான். பைக்கற்றில் வரும் மதுவம் சேர்க்காமல் வைன் செய்கிற சிறு உற்பத்தியாளர் நிற்பது அந்த நிரூபணத்தின் மேல்தான்.

இன்று ஐரோப்பியச் சட்டப்படி வழமையான சிவப்பு வைனில் லீற்றருக்கு 150 மில்லிகிராம் வரை சல்பைற்று இருக்கலாம். 2020இல் பிரான்சில் வந்த இயற்கை முறை வைன் முத்திரைக்கு உச்சவரம்பு 30. ஆர்புவாவின் பக்கத்து ஊரிலேயே பியேர் ஓவர்னுவா என்பவர் கந்தகம் சேர்க்காத வைனுக்குப் பெயர் பெற்றார்.

எதுவும் சேர்க்கவில்லை என்றால் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தமில்லை. காப்பாற்றக் கந்தகம் இல்லாதபோது பழுதான ஒரு குலை, கழுவாத ஒரு பீப்பாய் போதும், வருட உழைப்பு முழுவதும் வினாகிரியாகிவிடும். ஆகவே துப்புரவும் கவனமும் இரட்டிப்பாக வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவரும் 1895இல் மறைந்த அதே பாச்சர். லேபிளில் இயற்கை என்று போடுவது இலேசு. அதற்குப் பின்னால் எவ்வளவு விஞ்ஞானமும் வேலையும் இருக்கிறது என்றுதான் நாங்கள் கேட்கவேண்டும்.