செவேர்ன் நதிக்கரைப் பாவலன்

முதலாம் உலக மகாயுத்தம் பலிகொண்ட ஆங்கிலக் கவிஞரை நம் மாணாக்கர் நன்கறிவர். பலிகொள்ளாது விட்டுச்சென்ற ஒருவரைப் பற்றி இங்கு எழுதப் புகுகின்றேன். ஐவோர் கேர்ணி கவிஞர். கவிஞராவதற்கு முன்னரே இசையாக்கத்தில் வல்லவர். யுத்தமே அவரைச் சித்தங் கலங்கச் செய்தது என்பது வழங்கிவரும் கதை. அவர் வரலாற்றை ஆண்டு முறையில் நோக்குவோர்க்கு அக்கதை பொருந்தாமை புலனாகும்.

1890 ஆகஸ்ட் 28 ஆந் திகதி குளொஸ்டர் நகரில், தையற்றொழில் புரிந்த ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பத்து வயதளவில் நகரத்துப் பேராலயப் பாடகர் குழுவிற் சேர்ந்தார். 1911 இல் புலமைப்பரிசில் பெற்று லண்டன் றோயல் சங்கீதக் கல்லூரிக்குச் சென்றார். அங்கு கற்பித்த ஸ்டான்போர்ட், தம் மாணாக்கர் எல்லாரிலும் இவரே பெருந்திறல் வாய்ந்தவராகக் கூடும் என மதித்தார். கற்பித்தலுக்கு அடங்காதவர் என்று சலித்துக்கொண்டவரும் அவரே. 1913 இல் கேர்ணியின் மனம் முதன்முறையாகத் தளர்ந்தது. சொந்த மாவட்டத்துக்கு மீண்டு, செவேர்ன் நதியிற் படகோட்டியும் வயல்வெளிகளில் உடலுழைத்தும் தேறினார். அதனையடுத்தே எலிசபெத் காலப் பாக்கள் ஐந்துக்கு அவர் அமைத்த புகழ்பெற்ற இசை பிறந்தது. அப்போது யுத்தம் தொடங்கவில்லை என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

1914 இற் கண்பார்வைக் குறையாற் படையில் ஏற்கப்படாதவர், மறு ஆண்டு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1916 மே மாதம் பிரான்சை அடைந்தார். வியப்பென்னவெனில், நேரந் தவறாத உணவும் உழைப்பும் ஊர்த் தோழரின் உறவும் அவர் உள்ளத்தை ஒருவாறு நிலைநிறுத்தின. பதுங்கு குழியிற் பியானோ ஏது? கருவியின் துணையின்றி மனத்தாற் கேட்டே சில கீதங்களை அமைத்தார். மேஸ்பீல்டின் பாட்டொன்றுக்கு இசையமைத்தது 1916 இல், கைவிடப்பட்ட பீரங்கித் தளமொன்றில். இசைக்கு வசதியற்ற வேளைகளிற் கவிதை பெருகிற்று. கடிதங்களுடன் அவர் அனுப்பியவற்றைச் சேர்த்துப் பிரதி செய்தவர் கல்லூரித் தோழியான மரியன் ஸ்கொட் அம்மையார். சேவேர்ன் நதியையும் சொம் போர்க்களத்தையும் பெயரில் இணைத்த முதற் கவிதைநூல் 1917 இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலிற் கையிற் குண்டு பாய்ந்தது. செப்டெம்பரில் நச்சுவாயு தாக்கிற்று.

1918 இல் நோய் மீண்டது. தாமதித்துத் தோன்றிய யுத்த அதிர்ச்சி என்று பெயரிட்டு ஒக்டோபரில் அவரைப் படையிலிருந்து விடுவித்தனர். அப்பெயரே பின் நிலைத்துவிட்டது. கல்லூரிக்குத் திரும்பி வோன் வில்லியம்ஸிடம் பயின்றார். 1919 முதல் 1922 வரை பாட்டும் கவிதையும் வெள்ளமெனப் பெருகின. ஆயினும் படமாளிகையிற் பியானோ வாசிப்பு, வரிக் காரியாலய எழுத்துவேலை என ஒன்றிலும் நிலைக்கவில்லை. இரவெல்லாம் நடந்தார், உணவை மறந்தார். 1922 செப்டெம்பரில் உறவினர் அவரை மனநோய் வைத்தியசாலையிற் சேர்த்தனர். டிசம்பரில் லண்டனுக்கு அண்மையிலுள்ள டாட்போட் வைத்தியசாலைக்கு மாற்றினர். ஒருமுறை தப்பியோடினார், மீளக் கொண்டுசெல்லப்பட்டார். பதினைந்தாண்டுகள் அங்கேயே கழிந்தன.

மின்னலைகள் தம்மை வதைப்பதாக நம்பிய அம்மனிதர், விடுதலை வேண்டிப் பொலிசாருக்குக் கூடக் கடிதங்கள் எழுதினார். எட்வேர்ட் தோமஸின் கவிதைகளை அவர் பெரிதும் போற்றியவர். 1917 ஏப்ரலிற் போரில் மடிந்த அக்கவிஞரின் மனைவி ஹெலன், 1932 இல் அவரைக் காணச் சென்றார். கணவர் கையாண்ட குளொஸ்டர் மாவட்ட வரைபடங்களை உடன் கொண்டுபோனார். படுக்கையில் அவற்றை விரித்து, கேர்ணி விரலால் ஒற்றையடிப் பாதைகளையும் குன்றுகளையும் தொட்டுத் தொட்டு நடந்தார். பூட்டிய கதவுக்குள் இருந்தவர் அந்த ஒரு பொழுது தம்மூரில் உலாவினார். ஒரு நோயாளிக்கு இதனினும் நுண்ணிய உபசாரம் செய்தவரை நான் எங்கும் வாசித்ததில்லை.

வைத்தியசாலையில் எழுதியவற்றையும் மரியன் அம்மையார் காத்து வைத்தார். ஆனால் பித்தர் எழுத்தென்ற ஐயம் பல்லாண்டுகள் அவற்றை மறைத்தது. 1954 இல் எட்மண்ட் பிளண்டன் ஒரு தொகுப்பை வெளியிட்டார். விரிவான தொகுதி கவனாவின் முயற்சியால் 1982 இற்றான் வந்தது. நோயின் நிழல் படிந்த பக்கங்கள் உண்டு. அவற்றினிடையே, போர்க்களத்து இரவையும் இறந்த தோழரையும் துல்லியமாக நினைவுகூரும் கவிதைகள் உள. அவற்றை எழுதிய பகுதியேனும் அம்மனத்திற் கலங்காதிருந்தது என்றே கொள்கின்றேன்.

1937 இல், ஜெரால்ட் பின்சியும் நண்பரும் பாடுபட்டதன் பயனாக, அவர் கீதங்கள் அச்சேறவிருந்தன. இசைச் சஞ்சிகை ஒன்றும் அவரைப் பற்றிய கட்டுரைகளைத் தயாரித்தது. நவம்பரில் அவற்றின் அச்சுப்படிகள் டாட்போட்டை அடைந்தன. காசநோய் முற்றியிருந்த கேர்ணிக்கு அப்பொதியைப் பிரிக்கவும் வலுவில்லை. டிசம்பர் 26 ஆந் திகதி அவர் இறந்தார். கீதங்கள் இரு தொகுதிகளாக 1938 இல் வெளிவந்தன. அவருடலை மட்டும் குளொஸ்டருக்கு அருகிலுள்ள டுவிக்வேர்த் கிராமத்துக்குக் கொண்டுவந்து அடக்கஞ் செய்தனர்.