ஜோர்ஜ் கில்லன்

ஜோர்ஜ் சார்லஸ் கில்லன் (மார்ச் 3, 1876 - ஜூன் 29, 1961) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆவார். கில்லன்-பாரே நோய்த்தொகை இவரது பெயராலும் இவருடன் பணியாற்றிய ஜான் அலெக்சாந்தர் பாரேயின் பெயராலும் அழைக்கப்படுகிறது.  இவரது பெயர் தமிழில் கில்லன் என்று வழங்குகிறது.

வாழ்க்கை

ருவான் நகரில் பிறந்த கில்லன், அங்கு மருத்துவக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் பாரிசு சென்றார். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்திலேயே புய நரம்புப் பின்னல் பாதிப்புகளைப் பற்றி ஆராய்ந்தார். 1920களில், ஒருகாலத்தில் சார்க்கோ வகித்த சால்பெத்ரியேர் மருத்துவமனையின் நரம்பு நோய்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். சார்க்கோவின் வாழ்க்கை வரலாற்றை 1955 இல் வெளியிட்டார்.

1916 ஆம் ஆண்டு ஆய்வு

முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ஆறாம் படையின் நரம்பியல் மையத்தில் கில்லனும் பாரேயும் பணியாற்றினர். கைகால்கள் திடீரெனத் தளர்ந்து, தசைநாண் மறிவினைகளை இழந்த இரு படைவீரர்களை அவர்கள் அங்கு ஆய்ந்தனர். முதுகில் ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீரில் புரதம் மிகுந்திருந்தது, உயிரணுக்களோ பெருகவில்லை. இளம்பிள்ளை வாதம் போன்ற நோய்களில் உயிரணுக்கள் பெருகும் என்பதால், இந்த வேறுபாடு நோயைப் பிரித்தறிய உதவியது. வீரர்கள் இருவரும் நலம் பெற்றனர். மின்வழி ஆய்வுகளைச் செய்த அந்திரே இசுத்ரோல் இக்கட்டுரையின் மூன்றாவது ஆசிரியர். எனினும் 1927 முதல் அவரது பெயர் நோயின் பெயரிலிருந்து விடுபட்டுப் போனது. இது நியாயமற்றது எனலாம். 1859 இலேயே இத்தகைய வாதத்தை விவரித்த லாந்திரியின் பெயரும் பலரால் மறக்கப்பட்டது.

சர்ச்சை

இந்நோய் உயிருக்கு ஆபத்தற்றது என்பதில் கில்லன் உறுதியாக இருந்தார். லாந்திரியின் வாதத்துடன் இதனை இணைப்பதையும் எதிர்த்தார். ஆனால் 1949 இல் எய்மேக்கர், கெர்னோகன் ஆகியோர் இறப்பில் முடிந்த 50 நோயாளிகளைப் பற்றி எழுதி, இரண்டும் ஒன்றே என்றனர். மூச்சுத்தசைகள் செயலிழப்பதால் நோயாளிகளில் ஒரு பகுதியினர் இறப்பது இன்று அறியப்பட்ட உண்மை. இவ்விடயத்தில் கில்லனின் கருத்து தவறாயிற்று.

கல்லீரல் அழற்சியுடன் தொடர்பு

இந்நோய் பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின்னர், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால் உண்டாகிறது. கல்லீரல் அழற்சி ஈ (ஹெபடைட்டிசு ஈ) தீநுண்மம் அத்தகைய தொற்றுகளுள் ஒன்று. 2014 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் இந்நோய் கொண்ட 201 பேரில் 10 பேருக்கு அத்தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்தது. மஞ்சள் காமாலை வெளிப்படாமலும் இது நேரக்கூடும் என்பதால் கல்லீரல் பாதிப்பு எளிதில் கவனத்திற்கு வருவதில்லை. கில்லன் இளமையில் ஆராய்ந்த புய நரம்புப் பின்னலில் கடும் வலியையும் தளர்ச்சியையும் இதே தீநுண்மம் உண்டாக்குவதும் பின்னர் கண்டறியப்பட்டது. 1961 இல் பாரிசில் கில்லன் காலமானபோது இத்தீநுண்மம் அறியப்பட்டிருக்கவில்லை. அது 1983 இல்தான் கண்டறியப்பட்டது.